கணவருக்கு வேண்டாம், மனைவிக்கு வேண்டும்: கொவிட் காலத்தில் ஒரு தோட்டக் குடும்பமும் ஒரு அன்டிபயோட்டிக்கும் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

2021 ஓகஸ்ட். இலங்கையில் கொவிட்டின் டெல்டா அலை உச்சத்தில் இருந்தது. அந்த மாதம் 20ஆம் திகதி இரவு தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு ஒக்டோபர் 1ஆம் திகதி அதிகாலை வரை நீடித்தது. ஆஸ்பத்திரிகளில் கட்டில் கிடைப்பதே பாடாக இருந்த நாட்கள். ஒட்சிசன் தேவைப்படாத கொவிட் நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் கவனிக்கும் ஏற்பாடு அப்போது நடைமுறைக்கு வந்திருந்தது.

வீடு என்று சுற்றறிக்கை சொல்வது ஒன்று, தோட்டத்தில் இருப்பது வேறு. நுவரெலியா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீற்றர் உயரத்தில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவு இது. வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள் (ஓர் அறை வீடுகள்) கொண்ட லயம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பைப். குடும்பத்தில் ஐந்து பேர்: கொழும்பில் கடையில் வேலை செய்யும் கணவர் (வயது நாற்பதுக்கு மேல்), கொழுந்து பறிக்கும் மனைவி, நீரிழிவுள்ள மாமனார், மாமியார், பாடசாலை செல்லும் ஒரு மகள். மாமனாருக்குத் தடுப்பூசி ஒரு டோஸ் மட்டுமே ஏறியிருந்தது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

அவர்களைக் கவனித்தவர்கள் தோட்ட டிஸ்பென்சரியின் வைத்திய உதவியாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர், அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் வைத்தியர்கள். இதை எழுதுவது அந்த வைத்தியசாலையின் தரப்பிலிருந்து.

கொழும்பிலிருந்து வந்த பார்சல்

ஊரடங்குக்கு முன்னைய நாள் கணவர் ஊருக்கு வந்து சேர்ந்தார். வரும்போதே காய்ச்சலும் இருமலும் இருந்தன. மறுநாள் செய்த அன்டிஜன் பரிசோதனையில் கொவிட் உறுதியானது. மூச்சுத்திணறல் இல்லை, சாப்பிட முடிந்தது, ஒட்சிசன் அளவு 96. இலேசான நோய் என்ற வகைக்குள்தான் வந்தார்.

அவர் கையில் ஒரு பார்சல் இருந்தது. கொழும்பில் ஒரு பார்மசியில் 'கொரோனாவுக்கு' என்று கேட்டபோது கொடுத்தது. அசித்திரோமைசின் 250 மில்லிகிராம் ஆறு மாத்திரை, டொக்சிசைக்ளின் உறைக் குளிகைகள் பத்து, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரோயிட் மாத்திரைகள், விட்டமின் சி, சிங்க், பரசிட்டமோல். டொக்சிசைக்ளினும் பிரெட்னிசலோனும் உதிரியாகக் கடதாசி உறைகளில் இருந்தன. உறையின் மேல் பேனாவால் 1-0-1 என்று எழுதியிருந்ததே தவிர, மருந்தின் பெயரோ காலாவதித் திகதியோ இல்லை.

வைத்திய உதவியாளர் போய்ச் சேர்வதற்குள் அசித்திரோமைசின் அட்டையைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டியிருந்தார்கள். கணவருக்கு இரண்டு, மனைவிக்கு இரண்டு, மாமியாருக்கும் மகளுக்கும் ஒவ்வொன்று. அப்பியாசக் கொப்பித் தாளில் மடித்து, ஆளாளுக்குப் பெயர் எழுதி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. நோய் வந்தவருக்கு மருந்தாகவும் வராதவர்களுக்குத் தடுப்பாகவும் என்பது அவர்கள் கணக்கு. ஆளுக்கு ஒரு பங்கு வரவேண்டுமே என்ற அக்கறையோடு செய்த வேலை அது. மனைவி தன் இரண்டையும் விழுங்கியாகிவிட்டது. மாமனாருக்கு 'வயசானவருக்கு நல்லது' என்று ஸ்டீரோயிட்டைக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

முதல் முடிவு: நிறுத்துவது

அன்றே எடுத்த முடிவு, அன்டிபயோட்டிக் இரண்டையும் ஸ்டீரோயிட்டையும் நிறுத்துவது.

காரணங்கள் அப்போதே தெளிவாக இருந்தன. கொவிட் ஒரு வைரஸ் நோய். இலேசான கொவிட் நோயாளிகளுக்கு அன்டிபயோட்டிக் கொடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லியிருந்தது. ஆரம்பத்தில் அசித்திரோமைசின் மேல் பலருக்கும் ஒரு நம்பிக்கை இருந்ததும் உண்மை. ஆனால் பிரித்தானியாவில் ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் நடந்த ரிக்கவரி ஆய்வும், வீட்டில் இருந்த நோயாளிகளிடம் நடந்த பிரின்சிப்பிள் ஆய்வும் அதில் பலன் இல்லை என்று 2021இன் முற்பகுதியிலேயே காட்டிவிட்டன. டொக்சிசைக்ளினுக்கும் பிரின்சிப்பிள் ஆய்வில் அதே முடிவு. ஸ்டீரோயிட் விஷயம் இன்னும் கறாரானது. ஒட்சிசன் தேவைப்படும் நோயாளியின் உயிரைக் காக்கும் மருந்து, ஒட்சிசன் தேவைப்படாதவருக்கு உதவாது, கெடுதலும் செய்யலாம். நீரிழிவுக்காரருக்குச் சீனி ஏறுவது நிச்சயம்.

அசித்திரோமைசின் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 'கண்காணிப்புக்குரிய' வகையில் இருக்கிறது, அதாவது கிருமிகள் எளிதில் எதிர்ப்புப் பெறக்கூடியது என்பதால் அளந்து பயன்படுத்தவேண்டிய மருந்து. ஆளுக்கு ஒன்றிரண்டு என்று பங்கிட்ட அளவு எந்த நோயையும் குணப்படுத்தப் போதாது. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் பக்டீரியாக்களுக்குப் பழக்கம் காட்டிவிட மட்டும் போதும்.

இதெல்லாம் எங்களுக்கு. லயத்தில் சொல்லவேண்டியது வேறு. கையில் இருக்கும் மருந்தை எடுத்துக்கொண்டு 'தண்ணி குடிங்க, பெனடோல் போடுங்க' என்று சொல்லிவிட்டுப் போனால், மருந்து தராமல் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் ஊர் பேசும். தோட்ட மக்களுக்கு அப்படி நினைக்க அனுபவக் காரணங்களும் உண்டு. ஆகவே மாத்திரையை எடுத்த இடத்தில் வேறொன்றை வைக்கவேண்டியிருந்தது. விரலில் மாட்டி ஒட்சிசன் அளவைப் பார்க்கும் ஒட்சிமீற்றர், டிஸ்பென்சரியில் இருந்த ஒன்றே ஒன்றை, அந்த லயத்துக்கு இரவல் கொடுத்தோம். காலையும் மாலையும் வைத்திய உதவியாளர் தொலைபேசியில் அழைப்பார், மனைவி எண்களை வாசிப்பார். அழைப்பு எடுபடாவிட்டால் யாராவது ஏறிப் போய்ப் பார்ப்பது என்பதும் பேச்சில் இருந்தது. அளவு 94க்குக் கீழே போனாலோ, நாற்பது காலடி நடந்த பிறகு 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினாலோ, நேரம் பார்க்காமல் கூப்பிடவேண்டும்.

முதல் நாள் மாலையே மாமியாரின் அளவு 86 என்று வந்தது. பதறிப்போனார்கள். அவர் அப்போதுதான் பைப்படியில் பாத்திரம் கழுவிவிட்டு வந்திருந்தார், விரல் பனிக்கட்டி மாதிரி இருந்தது. இரண்டு கையையும் அடுப்பருகே சூடுபடுத்தி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பார்த்தபோது 95. ஓகஸ்ட் மாத மலைநாட்டுக் குளிரில் ஒட்சிமீற்றர் செய்யும் விளையாட்டு இது. அதற்குப் பிறகு சூடான கையில் எடுத்த எண்ணைத்தான் கொப்பியில் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். இந்த உயரத்தில் ஆரோக்கியமானவருக்கே சமவெளியைவிட ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டக்கூடும் என்பதால், ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அளவையும் குறித்துவைத்தோம்.

மாமனார்

கணவர் ஒரு வாரத்தில் தேறிவிட்டார். அவருக்கு வேறு மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

மாமனாருக்குத் தொற்று வந்தது பின்னால். அவருடைய நோயின் ஏழாம் நாள் காலை சூடான கையில் 93, நாற்பது காலடி நடந்தபோது 88. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் அம்புலன்ஸ் வந்தது, ஆனால் மேல் பிரிவுப் பாதையில் ஏற முடியவில்லை. கொழுந்து லொறியில் மெத்தை விரித்துப் பிரதான பாதைவரை கொண்டுபோனார்கள்.

வார்ட்டில் எடுத்த எக்ஸ்றேயில் இரண்டு நுரையீரலிலும் திட்டுத்திட்டாக நிழல். ஒட்சிசன், டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின், எகிறிப்போயிருந்த சீனிக்கு இன்சுலின் என்று தொடங்கினார்கள். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு அதிகமாக இருந்ததால், செஃப்ட்ரியக்சோன் என்ற அன்டிபயோட்டிக் ஊசியையும் சேர்த்துவிடலாமா என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். வயதானவர், நீரிழிவுக்காரர், ஆபத்தான நிலை. ஆனால் கொவிட் மட்டுமே சிஆர்பியை அவ்வளவு உயர்த்தும். சளி மஞ்சளாக இல்லை, எக்ஸ்றேயில் ஒரு பக்கம் மட்டும் கட்டியான நிழல் இல்லை, வெள்ளணு எண்ணிக்கையும் கூடவில்லை. பக்டீரியா வளர்கிறதா என்று பார்க்க இரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு 48 மணித்தியாலம் பார்ப்பது, நிலை மோசமானால் முடிவு வரும்வரை காத்திராமல் தொடங்குவது என்று வார்ட் தீர்மானித்தது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. அன்டிபயோட்டிக் இல்லாமலே பதினொரு நாளில் வீடு திரும்பினார்.

இதைத் துணிச்சல் என்று சொல்லமாட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை அவரைப் பார்க்க ஆள் இருந்ததால் எடுக்க முடிந்த முடிவு. அப்படிப் பார்க்க ஆள் இல்லாத இடங்களில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஊசி ஏறிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கு அதைத்தான் காட்டுகிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொவிட் நோயாளிகளில் அன்டிபயோட்டிக் தேவைப்படும் பக்டீரியாத் தொற்று இருந்தது சுமார் 8 வீதத்தினருக்கு, அன்டிபயோட்டிக் பெற்றவர்கள் சுமார் 75 வீதம்.

மனைவியின் காய்ச்சல்

குடும்பத்தில் எல்லோருடைய எண்களையும் தொலைபேசியில் வாசித்தவர் மனைவிதான். அவருக்கும் காய்ச்சல் இருந்தது. கணவர் வந்து மூன்று நாளில் தொடங்கியது. வீட்டில் கொவிட் இருக்கும்போது இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் வேறு எதையும் யோசிப்பதில்லை. அன்டிஜன் இரண்டு முறையும் எதிர்மறை. 'ஆரம்பத்தில் காட்டாது' என்று சொல்லிக்கொண்டோம், அதுவும் உண்மைதான்.

சந்தேகம் எழுந்தது அவர் வாசித்த எண்களிலிருந்தே. ஒட்சிசன் ஒவ்வொரு நாளும் 96, 97. இருமல் இல்லை, மணம் ருசி போகவில்லை. ஆனால் ஆறாம் நாளும் காய்ச்சல் 39 பாகைக்கு ஏறியது. மாலை அழைப்பில் எண்களை எல்லாம் வாசித்து முடித்தபிறகு, கடைசியாக, 'தலைதாங்க ஐயா பொளக்குது, கண்ண முழிக்க முடியல' என்றார். தன்னைப் பற்றி அதுவரை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் குடும்பநல உத்தியோகத்தரை அனுப்பினோம். பெண் ஒருவர் போய்ப் பார்க்கவேண்டும் என்பது வைத்திய உதவியாளரின் யோசனை. உடம்பு முழுக்கப் பார்க்கவேண்டும், லயக் காம்பராவில் அதை ஓர் ஆண் கேட்க முடியாது. இடுப்பின் இடது பக்கம், கொழுந்து பறிக்கப் போகும்போது படங்கை (உடுப்பின் மேல் சுற்றும் தடித்த விரிப்பு) சுற்றிக் கயிறு கட்டும் இடத்தில், ஒரு கறுத்த பொருக்கு. சிறு நகம் அளவு, சுற்றிலும் செந்நிறம், தொட்டால் வலி இல்லை. கயிறு உரசிய புண் என்று அவர் விட்டுவிட்டிருந்தார். அதே பக்கத்துக் கவட்டில் நெறி கட்டியிருந்தது. விசாரித்தபோது, காய்ச்சலுக்குப் பத்து நாள் முன்னர் விறகுக்காகக் காட்டோரப் பற்றைக்குள் போனதாகச் சொன்னார்.

வலியில்லாத கறுத்த பொருக்கும், நெறியும், விடாத காய்ச்சலும், மண்டையிடியும் சேர்ந்தால் பற்றை டைபஸ் என்று நினைக்கவேண்டும். பற்றைகளில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறிய உண்ணிக் குஞ்சுகளின் கடியால் வருவது. இலங்கையில் பல இடங்களில் உண்டு. மத்திய மலைநாட்டில் அதன் உறவான புள்ளிக் காய்ச்சலும் வழக்கமானதே, அதில் பொருக்கைவிடத் தோலில் புள்ளிகள் பரவுவதுதான் கண்ணில்படும். இரண்டுக்கும் முதல் மருந்து டொக்சிசைக்ளின்.

இரண்டாவது முடிவு: தொடங்குவது

உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனைக்கு மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பவேண்டும். சரியாகச் சொல்வதற்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாதிரியும் வேண்டும். அதுவரை காத்திருப்பது ஆபத்து. சிகிச்சையில்லாத டைபஸ் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவக்கூடியது. பிரதேச வைத்தியசாலையில் எடுத்த இரத்தத்தில் குருதிச் சிறுதட்டுகள் சற்றுக் குறைந்திருந்தன, ஈரல் நொதியங்கள் கூடியிருந்தன. இரண்டும் பொருந்தின. எலிக்காய்ச்சலையும் டெங்குவையும் யோசித்தோம். எலிக்காய்ச்சலாக இருந்தாலும் டொக்சிசைக்ளின் பொருந்தும், டெங்குப் பரிசோதனை எதிர்மறை.

கர்ப்பம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, டொக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, ஏழு நாள் என்று தொடங்கினோம். பார்சலில் இருந்ததைத் தொடவில்லை, டிஸ்பென்சரியின் இருப்பிலிருந்து கொடுத்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு கோப்பை தண்ணீரோடு, விழுங்கியதும் படுக்காமல், பால் தேநீரோடு சேர்க்காமல். 48 மணித்தியாலத்தில் காய்ச்சல் தணியாவிட்டால் நோயை மறுபடி யோசிக்கவேண்டும் என்பதையும் குறிப்பில் எழுதினோம்.

பொதுக் காய்ச்சல் என்று இவருக்கு அமொக்சிசிலினோ செஃப்ட்ரியக்சோனோ கொடுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. உயிரணுவுக்குள் புகுந்து வாழும் இந்தக் கிருமிக்கு அந்த வகை மருந்துகள் கேட்பதில்லை. முதலில் விழுங்கிய இரண்டு அசித்திரோமைசின் மாத்திரைகளும் தொல்லைதான். அது டைபஸுக்கு மாற்று மருந்தாகவே பயன்படுவது, அரைகுறையாக உள்ளே போனால் நோயின் முகத்தை மங்கச் செய்துவிடக்கூடியது.

லயத்தில் எழுந்த கேள்வி

மருந்து கொடுத்த அன்றே சிக்கல் வந்தது. பார்சலில் இருந்ததும் டிஸ்பென்சரியில் இருந்ததும் ஒரே நிறக் குளிகை. மாமியார் அடையாளம் கண்டுகொண்டார்.

'ஏங்க ஐயா, மகனுக்கு வேணாம்னு புடுங்கிட்டுப் போனத தானே இப்ப மருமகளுக்குக் குடுக்குறீங்க?'

அக்கம்பக்கத்துக் காம்பராக்களிலிருந்தும் தலைகள் நீண்டன. மருந்தைப் பறித்துவைத்துக்கொண்டு வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள் என்று பேச்சு திரும்பியிருந்தால், இத்தனை நாள் கட்டியெழுப்பிய நம்பிக்கை ஒரே மாலையில் போயிருக்கும். வைத்திய உதவியாளர் நீளமாக விளக்கவில்லை. 'இது காட்டுப் பூச்சி கடிச்ச காய்ச்சல்மா. இதுக்கு இந்த மருந்து கேக்கும். கொரோனாவுக்குக் கேக்காது. மகன் இத சாப்புடாமயே தேறுனாரா இல்லையா?' என்றார். கடைசிக் கேள்விதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். கணவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

நாங்கள் படித்த வழிகாட்டிகளில் 'கொடுக்கவேண்டாம்' என்ற வரி ஒரு பக்கத்திலும் 'கொடு' என்ற வரி இன்னொரு பக்கத்திலும் இருக்கும். லயத்தில் அவை ஒரே வாசல்படியில் வந்து நின்றன. அன்டிபயோட்டிக் கெட்டது என்ற அளவில் மட்டும் பிரசாரம் செய்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதிலே இருந்திருக்காது.

பின்னர் நடந்தது

இரண்டாம் நாள் இரவு காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் தலைவலியும் குறைந்தது. கொவிட்டுக்கு எடுத்த பிசிஆர் முடிவு எதிர்மறை என்று வந்தபோது அவர் கஞ்சி குடித்து உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் 'சரியாப் போச்சு, மிச்சத்த வச்சுக்கவா?' என்று கேட்டார். அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளத்தான். ஏழு நாளும் முடித்தார், வெறும் அட்டையைக் குடும்பநல உத்தியோகத்தர் பார்த்துக்கொண்டார். இரண்டாவது இரத்த மாதிரியில் எதிர்ப்பொருள் அளவு பலமடங்கு உயர்ந்திருந்தது. பற்றை டைபஸ் உறுதியானது. அந்த முடிவு கைக்கு வரும்போது ஊரடங்கே முடிந்துவிட்டது, அவர் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) போகத் தொடங்கியிருந்தார்.

மகளுக்கும் மாமியாருக்கும் இலேசான தொற்றோடு போயிற்று. மாமனாரின் சீனி கட்டுக்குள் வர மேலும் சில வாரங்கள் எடுத்தன.

மாற்றியவையும் மாறாதவையும்

வீட்டுக் கவனிப்புப் படிவத்தில் ஒட்சிசன், காய்ச்சல், மூச்சு ஆகியவற்றுக்கு மட்டுமே கட்டங்கள் இருந்தன. ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் தோலைப் பார், விறகுக்கோ புல்லுக்கோ போனதா என்று கேள் என்று கையால் ஒரு வரி சேர்த்தோம். பெண்களாக இருந்தால் குடும்பநல உத்தியோகத்தர் போகவேண்டும் என்பதும் அதில் உண்டு. பொருக்கு பெரும்பாலும் உடுப்புக்குள் மறையும் இடத்தில்தான் இருக்கும், ஆகவே இது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல. கொள்ளைநோய்க் காலத்தில் மற்ற நோய்கள் விடுமுறை எடுப்பதில்லை என்று எல்லோரும் சொல்வோம். படிவத்தில் கட்டம் இல்லாவிட்டால் சொல்வதோடு நின்றுவிடும்.

அழைப்பவர் முதலில் எண்களைக் கேட்பதற்குப் பதில், 'உங்களுக்கு எப்படி இருக்கு?' என்று கேட்டுவிட்டு எண்களுக்குப் போவதாக மாற்றினோம். மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் தன் நோயைக் கடைசியில்தான் சொல்வார், அல்லது சொல்லமாட்டார்.

வீடுகளில் கிடக்கும் மிச்ச மாத்திரைகளைச் சேகரிக்க ஒரு முயற்சி செய்தோம். ஓரளவுக்குத்தான் பலித்தது. காசு கொடுத்து வாங்கியதைச் சும்மா தர மனம் வராது, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. வைத்தியர் சீட்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் தான் மறுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார் என்பது கவுன்டரில் நிற்பவருக்குத் தெரியும். மலையிலிருந்துகொண்டு கொழும்புக் கடையை எங்களால் மாற்ற முடியாது.

இரண்டு வேளை அழைப்பு அந்த அலையோடு நின்றுபோனது. வைத்திய உதவியாளர் தன் சொந்தத் தொலைபேசியில், தன் ரீலோட் காசில்தான் அதைச் செய்தார். அடுத்த கொள்ளைநோய்க்கான திட்டத்தில் ஒட்சிமீற்றருக்கும் பரிசோதனைக் கிட்டுக்கும் பணம் ஒதுக்கும்போது அந்த ரீலோட் காசுக்கும் ஒரு வரி வேண்டும் என்று மாவட்ட மட்டக் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். டிஸ்பென்சரியில் டொக்சிசைக்ளின் இருப்பு இப்போது தனிப் பதிவேட்டில் இருக்கிறது: யாருக்கு, எந்த நோயென்று நினைத்து, எத்தனை நாளுக்கு, 48 மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்கியதா என்று நான்கு நிரல்கள். நான்காவதுதான் அடிக்கடி வெறுமையாகக் கிடக்கிறது.